புதுமுக வரிசையில் பதினான்காம் இடம்

பிப்ரவரி 4, செவ்வாய்

பல் மருத்துவர் என் வாய்க்குள் பஞ்சை அடைத்துவிட்டு, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். எல்லாப் பல் மருத்துவர்களும் இப்படித்தான். பஞ்சை எடுத்ததும் சொன்னேன்: நாட்டில் இந்த வாரம் எந்தப் பாட்டை அதிகம் பேர் கேட்டார்கள் என்று வரிசைப்படுத்தி வெளியிடும் நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். "அச்சா, மியூசிக் லைன்!" என்று மகிழ்ந்துபோனார். பக்கத்தில் நின்ற இந்திராணி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து நான் பாடி அவள் கேட்ட ஒரே பாட்டு தேசிய கீதம். அதற்கே முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அரசாங்கத்தில் வெங்காய விளைச்சலைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தவன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பாட்டை எண்ண வந்தேன். பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் சீக்கிரம் அழுகிவிடும்.

பிப்ரவரி 10, திங்கள்

சௌத்ரி சாப் கூப்பிட்டார். எங்கள் தலைவர். எதையும் நின்றுகொண்டே சொல்வார், நாமும் நிற்க வேண்டும். நம் இணையதளத்துக்கு ஒரு வரலாறு வேண்டுமாம். இந்தியாவில் பாட்டு வரிசையின் கதை, ஆரம்பத்திலிருந்து இன்று வரை, அறுந்துபோகாத ஒரே நேர்க்கோடாக. கடைசியில் அந்தக் கோடு நம் வாசலில் வந்து நிற்க வேண்டும். "வேணு ஜி, நீங்கதான் எழுதணும்" என்றார் ஹிந்தியில். ஏன் நான்? மற்ற எல்லாருக்கும் வேறு வேலை இருந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

நேர்க்கோடு எங்கே இருக்கிறது? தேடத் தேடக் கிளைதான் பிரிகிறது. ஒரு காலத்தில் நம் அரசு வானொலி சினிமாப் பாட்டைத் தள்ளி வைத்திருந்தது. அதனால் ஹிந்திப் பாட்டின் வாராந்தர வரிசை இலங்கையிலிருந்து ஒலித்திருக்கிறது! இசைத்தட்டுக் கடைகளின் விற்பனை, நேயர் மன்றங்களின் கடிதங்கள், இரண்டையும் கலந்து முதலிடம். பிறகு கேசட். பிறகு தொலைக்காட்சிக்குத் தொலைக்காட்சி ஒரு வரிசை. பிறகு செல்போனில் அழைப்பவர் கேட்கும் பாட்டு. இப்போது இணையம். தமிழுக்கு ஒன்று, பஞ்சாபிக்கு ஒன்று. ஒன்றோடொன்று ஒத்துப்போவதே இல்லை.

நேயர் மன்றங்கள்தான் வேடிக்கை. எங்கோ ஒரு சிற்றூரில் நாலு பேர் சேர்ந்து மன்றம் வைத்து, மூட்டை மூட்டையாக அஞ்சலட்டை போடுவார்களாம். அவர்களைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். "இவர்கள் இசை ரசிகர்கள் அல்லர், தபால் செலவு செய்யத் தயாராக இருந்த கள்ள வாக்காளர்கள்." எழுதியதும் எனக்கே கைதட்டத் தோன்றியது.

பிப்ரவரி 16, ஞாயிறு

மகள் வைஷ்ணவியின் முதல் பாட்டு இணையத்தில் வெளியானது. பாதி தமிழ், பாதி ஹிந்தி. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாடுகிற பெண். பிறந்ததும் வளர்ந்ததும் டெல்லி மயூர் விஹார். எனக்கு அனுப்பிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். முதல் வரியில் "மழை" வர வேண்டிய இடத்தில் "மலை" வந்தது. சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா? இருந்திருக்கலாம்.

"பாக்கி கேளு பா."

அதற்குள் சௌத்ரி சாப் போன் செய்தார். பேசிவிட்டு வந்து பார்த்தால் அவள் இல்லை.

மும்பையில் ஒரு பாட்டுக் கம்பெனிக்காரன் அவளிடம் சொல்லியிருக்கிறானாம்: நான் வேலை பார்க்கும் நிறுவனத்தின் புதுமுக வரிசையில் உள்ள இருபது இடங்களில் ஏதாவது ஒன்றில் வந்துவிட்டால் மேலும் மூன்று பாட்டுக்கு ஒப்பந்தம். வராவிட்டால் ஏப்ரலில் குர்காவ் வேலைக்குப் போய்விட வேண்டும் என்று அம்மாவுக்கும் பெண்ணுக்கும் உடன்படிக்கை. என் பெண் பாட்டும் களத்தில் இருக்கிறது என்று ஆபீசில் சொல்ல வேண்டுமா? வரிசையில் சொல்லிக்கொள்ளும்படியான இடத்தில் அது இல்லவே இல்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

எண்ணிக்கையை ஏற்றுவதற்காகக் கள்ளத்தனமாக ஓட்டப்படும் பாட்டைப் பிடிக்க நான் போட்ட புதுச் சல்லடைக்கு ஒப்புதல் கிடைத்தது. அபிஷேக்கிடம் ஒரு மணி நேரம் பெருமையடித்தேன். என் கீழே வேலை பார்க்கும் பையன். கரோல் பாக் தமிழன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். ஒரு காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

பிப்ரவரி 26, புதன்

போன் பேட்டரி மத்தியானத்துக்குள் தீர்ந்துபோகிறது. புதுசு வாங்குங்கள் என்கிறாள் இந்திராணி. என்ன அவசரம்?

மார்ச் 3, திங்கள்

பதினான்கு!

புதுமுக வரிசையின் முதற்கட்டக் கணக்கில் என் பெண் பதினான்காம் இடம். வெள்ளிக்கிழமை வெளியாகும்வரை ரகசியம் காப்பது என் பணி விதி. அதை ஆபீஸ் பக்கத்து பாராகம்பா ரோடு மெட்ரோ பிளாட்பாரத்திலிருந்து யமுனா பேங்க் நிலையம் வரை காத்தேன். அதற்கு மேல் முடியவில்லை, இந்திராணிக்கு போன் செய்துவிட்டேன். வீட்டுக்குப் போனபோது கேசரி தயாராக இருந்தது. வைஷ்ணவி ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு இப்போதுதான்.

"யாருன்னே தெரியாதவங்க கேக்கறாங்க பா! இமாஜின்!"

லிஃப்டில் பச்சைமுத்து. எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். கையைக் குலுக்கி, "நாம யாரு சார்!" என்று கண்ணடித்தார். கண்ணில் தூசி என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

கண்ணடிப்பதைத் தூசி என்று நினைக்கிற ஒருவன் இருப்பானா? இருக்கிறான்.

காலையில் என் சல்லடை முதல் மீனைப் பிடித்தது. கிழக்கு டெல்லியில் ஒரே இடத்திலிருந்து ஒரே பாட்டு, இரவு பகலாக, சத்தத்தைப் பூஜ்யத்தில் வைத்து. துள்ளிக் குதித்தேன். "இவங்களை விடக்கூடாது, எந்த இடம்னு பார்" என்று அபிஷேக்கை விரட்டினேன். மத்தியானம் வந்து என் மேசைக்கு எதிரே நின்றான்.

"சார், மில் கயா, கிடைச்சிடுச்சு. ஒரே ஹவுசிங் சொசைட்டி. மயூர் விஹார்."

"அட, நம்ம ஏரியா."

"சார்... பொங்கலுக்கு உங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தேனே. அந்த சொசைட்டி."

என்ன பாட்டு என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ஆனால் இன்னொன்று சொன்னான், பாவம், தரையைப் பார்த்தபடி. "ஒரு போன் மட்டும் தினமும் காலைல கிளம்பி பாராகம்பா ரோடு வரைக்கும் வந்துட்டு சாயங்காலம் திரும்பிப் போகுது சார்."

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

சாயங்காலம் நேராகச் சங்கத்தின் பொழுதுபோக்கு அறைக்குப் போனேன். டேபிள் டென்னிஸ் மேசை முழுக்கப் பழைய போன்கள், ஒவ்வொன்றுக்கும் சார்ஜர். பச்சைமுத்து வரவேற்றார்.

"வாங்க சார்! ஏர்ஃபோர்ஸ்ல ரேடார் பாத்தவன் நான். இங்கேயும் ஷிஃப்ட் போட்டாச்சு. நம்ம கொழந்தை பாட்டாச்சே, விட முடியுமா? எல்லாம் மியூட்ல. பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு கூடாதில்ல?"

"பாட்டு எப்படி இருக்கு?"

"அருமையா இருக்கும் சார். இன்னும் கேக்கல."

திட்டுவதற்குத்தான் போனேன். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன். தவிர நானும்தான் இன்னும் கேட்கவில்லை.

வீட்டில் இந்திராணியைச் சமையலறைக்குள் நிறுத்திக் கேட்டேன்.

"அவளுக்குத் தெரியாதுங்க. சொல்லிடாதீங்க."

"என் போன்லயும் நீதான் போட்டியா?"

"நீங்க குளிக்கப் போறப்போ. ஆபீஸ்ல கண்டுபிடிப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"கண்டுபிடிக்கிறவனே நான்தான்டி!"

"அதான் தைரியமா இருந்தேன்."

மார்ச் 5, புதன்

சௌத்ரி சாப்பிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் போன் உட்பட. சிரித்தார். நின்றுகொண்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்க பெண் பாட்டா? சோட் தோ யார். பதினான்குதானே, முதலிடமா? பெரிய பெரிய ஆளெல்லாம் செய்யறதுதான். அப்படியே விடுங்க" என்றார்.

அப்படியே விடலாம். தலைவரே சொல்லிவிட்டார். மூன்று பாட்டு, மும்பை, அவளுடைய வாழ்க்கை. திங்கட்கிழமை என் கழுத்தைக் கட்டிக்கொண்டாளே... என்ன செய்யச் சொல்ற? மேசையில் வரலாற்றுக் கட்டுரை திறந்தபடி கிடந்தது. கள்ள வாக்காளர்கள். அந்தச் சிற்றூரில் அஞ்சலட்டை எழுதியவர்களில் ஒருவனாவது பாட்டைக் கேட்டிருப்பான். நான் அவனைவிட மட்டம்.

எடுத்துவிட்டேன். எங்கள் குடியிருப்பிலிருந்து வந்த அத்தனையையும் கழித்துவிட்டு மறுபடி வரிசை போட்டேன். முப்பத்தொன்று. நேர்மை என்று இங்கே எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், அபிஷேக் பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 6, வியாழன்

நாளை அவள் இணையத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட இன்று நானே சொல்வது மேல் என்று நினைத்தேன். மாலையில் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். ரொம்ப அழகாகச் சொன்னதாக ஞாபகம்: சல்லடை, விதி, விலக்கம், திருத்திய கணக்கு. புள்ளியியல் வகுப்பு எடுத்திருக்கிறேன், சொந்தப் பெண்ணுக்கு.

கோபப்படுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். கோபப்படவில்லை. கையில் துண்டைப் பிடித்தபடி கேட்டாள்:

"அப்போ யாருமே கேக்கலையா பா?"



"கேட்டிருக்காங்க. கழிச்சது போக மீதி இருக்குல்ல. பொகாரோ, கோயம்புத்தூர், ஷில்லாங். ஷில்லாங்ல தினமும் காலைல கேக்கறாங்க."

"யாரு?"

"ஊர் மட்டும்தான் தெரியும். ஆள் தெரியாது."

"நீ கேட்டியா?"

பொய் சொல்லத் திறமை வேண்டும். எனக்கு இல்லை. அவள் துண்டை மடித்து என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இந்திராணியிடமும் பேசவில்லை. கேசரி மிச்சம் குளிர்பெட்டியில் கெட்டியாகிக் கிடக்கிறது.

என் பெண் பாட்டு என் பையிலேயே ஆயிரக்கணக்கான தடவை ஓடியிருக்கு. ஒரு தடவை கூட நான் கேக்கல. கணக்கு மட்டும் எடுத்திருக்கேன். தூ.

மார்ச் 7, வெள்ளி

வரிசை வெளியானது. பதினான்காம் இடத்தில் போபாலிலிருந்து ஒரு பையன். அவன் வீட்டில் இன்று கேசரி செய்திருப்பார்கள்.

மார்ச் 10, திங்கள்

அபிஷேக்கிடம் இயர்போன் கடன் வாங்கினேன். மெட்ரோவில் ஏறி உட்கார்ந்து, சத்தத்தை வைத்துக் கேட்டேன்.

ராகம், தாளம் எல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தப் பாட்டில், யமுனா பேங்கில் வண்டி இரண்டு திசையாகப் பிரிகிற இடத்தில் ஒரு பெண் நிற்கிறாள். அம்மா போனில் தமிழில் கேட்கிறாள். இவள் ஹிந்தியில் பதில் சொல்கிறாள். கனவு எந்த மொழியில் வந்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாள். நடுவில் பாட்டு நின்று, வெறும் மூச்சு மட்டும் கேட்கிறது. அந்த மூச்சை எனக்குத் தெரியும். சின்ன வயதில் அவள் காய்ச்சலில் கிடந்தபோது அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

மறுபடி போட்டேன். மறுபடி. தலை நிமிர்ந்தபோது அறிவிப்பில் நொய்டா என்றது. மயூர் விஹார் எப்போதோ போய்விட்டிருந்தது.

வீட்டுக்குத் தாமதமாக வந்ததும் அவள் அறை வாசலில் நின்று சொன்னேன். "பாட்டு கேட்டேன். நொய்டா போயிட்டேன்."

தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அது காம்ப்ளிமெண்டா பா?"

"எனக்கு வேற மாதிரி சொல்லத் தெரியல."

சிரிப்பா, இருமலா, ஏதோ ஒன்று வந்தது அவளிடமிருந்து.

மார்ச் 24, திங்கள்

வரலாற்றைத் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டேன். நேர்க்கோடு இல்லை, ஒவ்வொரு காலத்திலும் யாரோ சிலர் யாருக்காகவோ முண்டியடித்ததன் தடயம்தான் இருக்கிறது என்று முடித்திருந்தேன். நேயர் மன்றங்களைத் திட்டியதை எடுத்துவிட்டேன். சௌத்ரி சாப் கடைசிப் பக்கத்தை எடுத்துவிட்டார். ஆளுக்கொரு வெட்டு.

ஏப்ரல் 2, புதன்

மும்பைக்காரன் போனை எடுப்பதில்லை. நேற்றிலிருந்து வைஷ்ணவி குர்காவ் போகிறாள். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மெட்ரோவில் என் பக்கத்தில் நின்றாள். பாராகம்பா ரோட்டில் நான் இறங்கும்போது, "டிஃபன் எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது.

மே 25, ஞாயிறு

காலை பத்து மணிக்கே வெயில் பால்கனிக் கம்பியைத் தொட விடவில்லை. வைஷ்ணவி தன் அறையில் புதுப் பாட்டைப் பதிவு செய்கிறாள். கதவில் மெத்தையைச் சாய்த்து வைத்திருக்கிறாள். கூலர் கூடாது, ஃபேன் கூடாது, குக்கர் கூடாது. வீடு முழுக்க உத்தரவு. இந்திராணி பருப்பைப் பாத்திரத்தில் வேகவைக்கிறாள். அது வேகிறபாடாக இல்லை.

கீழே பச்சைமுத்து குடையோடு நிற்கிறார். இந்தத் தடவை அவளே போய்க் கேட்டிருக்கிறாள்: "அங்கிள், சத்தம் வராம பாத்துக்குங்க, அது போதும்." தர்பூசணி வண்டிக்காரரிடம் அவர் உதட்டில் விரல் வைத்துக் கும்பிடுவது ஜன்னல் வழியே தெரிகிறது.

நான் அவள் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இரண்டு நிமிடத்தில் உள்ளிருந்து குரல். "அப்பா, சேர் சத்தம்!" தரைக்கு இறங்கினேன். இறங்கும்போது முழங்கால் சத்தம் போட்டது. அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

பனியன் நனைந்துவிட்டது. இதைத் தரையில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுகிறேன். தாளில் பேனா உரசுவதுகூட எனக்குக் கேட்கிறது. உள்ளே மூச்சை இழுக்கிறாள், மறுபடி முதலிலிருந்து.

எழுதுவதை நிறுத்துகிறேன்.