‘அல்லி’ படகின் இயந்திரம் இறுகவில்லை

அனுப்புநர்:
ஜெ. அன்பரசி,
க/பெ. ஜெபக்குமார்,
தினக்கூலித் துப்புரவுப் பணியாளர்,
உப்பங்கழிப் படகுத்துறை,
மாமல்லபுரம் வழி.

பெறுநர்:
உயர்திரு கோட்டாட்சியர் அவர்கள்,
படகுத்துறை நிர்வாகக் குழுத் தலைவர்,
செங்கல்பட்டு.

பொருள்: ‘அல்லி’ விசைப்படகைப் பழைய இரும்போடு சேர்த்துக் கழிப்பதை நிறுத்திவைத்து, தாங்கள் நேரில் பார்வையிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 12.02.2003 நாளிட்ட ஆய்வறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி படகுத்துறையில் 1996 முதல் வேலை செய்கிறேன். மேடையைப் பெருக்குவதும், சுற்றுலாவினர் சவாரி செய்த படகுகளைக் கழுவுவதும் என் வேலை. ஒன்பதாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். இம்மனுவை நானே எழுதுகிறேன்.

2. ஆயுத பூஜை முடிந்ததும் மழைக்கு முன் ‘அல்லி’யைக் கரையேற்றிக் கொட்டகையில் வைப்பதும், பொங்கல் கழித்துத் தண்ணீரில் இறக்குவதும் எங்கள் வழக்கம். 2000ஆம் ஆண்டு கரையேற்றியபின் ஓட்டுநர் திரு. தாமோதரன் பணி ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு வேறு ஆள் போடப்படவில்லை. ஆகவே படகும் இறங்கவில்லை.

3. இந்த மூன்று மழைக்காலமும் படகைச் சும்மா கிடக்க விடவில்லை என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அடித்தட்டின் அடைப்பானைக் கழற்றிவைத்தேன், ஒழுகும் மழைநீர் அப்படியே வெளியே போய்விடும். சனிக்கிழமைதோறும் பிளக்குகளைக் கழற்றி, உள்ளே சொட்டு ஆயில் விட்டு, ஸ்டார்ட் செய்யும் கயிற்றை மெதுவாக இழுத்து இயந்திரத்தைச் சுற்றிவைப்பேன். தாமோதரன் அண்ணன் எப்போதாவது பேருந்தில் இந்தப் பக்கம் வந்தால், “இன்னா அன்பு, மெஷினு மூச்சு வுடுதா?” என்றுதான் முதலில் கேட்பார். விடுகிறது என்பேன். இதைச் செய்யச் சொல்லி எனக்கு உத்தரவு ஏதும் இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

4. கொட்டகைக்குக் கதவு கிடையாது. பந்து பொறுக்க வரும் பிள்ளைகள் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். எனவே வேலை முடிந்ததும் கியரை முன்பக்கம் தள்ளிவைத்துவிடுவேன். கியரில் இருந்தால் இந்த இயந்திரத்தின் கயிறு ஒரு விரல்கூட அசையாது. அதன் அமைப்பே அப்படி.

5. கடந்த 12ஆம் தேதி ஆய்வுக்கு வந்தவர் என்னை டீ வாங்க அனுப்பினார். நான் திரும்பி வருவதற்குள் கயிற்றை இழுத்துப் பார்த்திருக்கிறார். அது அசையாததால், “இயந்திரம் இறுகிவிட்டது, பயனற்றது” என்று எழுதி முடித்துவிட்டார். மூடியைக்கூடத் திறக்கவில்லை. “கியர்ல கீது சார்” என்று சொன்னேன். “நீ இன்னாமா, மெக்கானிக்கா?” என்று கேட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார். வரும் 24ஆம் தேதி பழைய இரும்பை ஏற்றிப்போக லாரி வருகிறதாம்.

6. மனம் கேட்காமல் 15ஆம் தேதி சனிக்கிழமை ஒரு காரியம் செய்தேன். அனுமதி பெறாதது என் குற்றம். காவலர் திரு. சடையப்பன் தன் மொபெட்டில் இருந்து பெட்ரோல் கொடுத்தார். மொபெட் பெட்ரோலில் ஏற்கெனவே ஆயில் கலந்திருப்பதால் அது இதற்கும் ஆகும். சூடேறாமல் இருக்க, இயந்திரத்தின் கீழ்ப்பாகம் முங்கும்படி தண்ணீர் டிரம்மை வைத்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து இழுத்தேன். மூன்றாம் இழுப்பில் பிடித்துக்கொண்டது. இரண்டேகால் ஆண்டு பேசாமல் கிடந்தது, கொட்டகைத் தகரம் அதிர ஓடியது. சடையப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். இது எழுதத் தகாததாக இருக்கலாம், ஆனால் நடந்தது.

7. ஒரு துப்புரவுப் பணியாளருக்குப் படகின்மேல் ஏன் இத்தனை அக்கறை என்று தாங்கள் கேட்கலாம். ‘அல்லி’யைக் கழுவிய கைக்கு அதில் ஏறும் வழக்கம் இல்லை. ஒரே ஒரு முறை ஏறினேன். 1997 தைமாத வெள்ளோட்டத்தில் முன்பக்கம் தூக்கிக்கொண்டது. வைக்க மணல்மூட்டை இல்லை. “எடைக்கு நீ குந்து” என்றார் தாமோதரன் அண்ணன். குந்தினேன். தண்ணீர் இரண்டாகப் பிளந்து என் இரு பக்கமும் எழுந்தது. நாரைகள் கூட்டமாகக் கிளம்பின. திரும்பிக் கரையைப் பார்த்தால், என் அம்மா வாழ்நாளெல்லாம் குனிந்து நாற்று நட்ட, யாருக்கோ சொந்தமான அந்த வயல் தெரிந்தது. கையை நீட்டி மறைத்துப் பார்த்தேன். என் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. அதன்பின் வானம்தான். அவ்வளவு பெரிதாக நான் எதையும் பார்த்ததில்லை, இன்றுவரை.

8. ஆகவே ஐயா அவர்கள் 24ஆம் தேதிக்கு முன் ஒரு நாள் நேரில் வந்து, தங்கள் கையாலேயே கயிற்றை இழுத்துப் பார்க்க வேண்டுகிறேன். ஐந்து இழுப்பில் பிடிக்காவிட்டால் என்னை வேலையிலிருந்து நீக்கிவிடுங்கள், மறுப்புச் சொல்ல மாட்டேன். பிடித்துவிட்டால் அறிக்கையை ரத்து செய்து, ஓட்டுநர் ஒருவரை நியமித்து, ‘அல்லி’யைத் தண்ணீரில் இறக்க உத்தரவிட வேண்டும்.

9. இறக்கும் நாளில் அடைப்பானை மறக்காமல் மாட்ட வேண்டும். அது என் சாவிக்கொத்தில் இருக்கிறது. வெள்ளோட்டத்தில் முன்பக்கம் தூக்கும், எடைக்கு ஆள் தேவைப்படும். நான் வருகிறேன்.

தங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
ஜெ. அன்பரசி

இடம்: மாமல்லபுரம்
நாள்: 17.02.2003