உன் பெயரில் அனுப்பிய படங்கள்

திங்கட்கிழமை

அன்பு மனைவிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் உனக்கு எழுதும் முதல் கடிதம், எடுத்த எடுப்பிலேயே பொய் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

போன் செய்தால் உன் தங்கைதான் எடுக்கிறாள். "அக்கா குளிச்சிட்டிருக்காங்க அத்தான்" என்கிறாள். காலையில் கேட்டாலும் குளியல், மத்தியானம் கேட்டாலும் குளியல். ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பாள்? அதனால்தான் கடிதம். இது குளியலறைக்கு வெளியே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும்.

தங்கைக்குக் காலில் ஆபரேஷன், பத்து நாள் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனாய். இன்றோடு முப்பத்தொன்று. அவள் மாடிப்படி ஏறி இறங்குகிறாளாம், அவளே சொன்னாள். அப்புறமும் நீ வரவில்லை என்றால் நான் என்னவென்று நினைப்பது? நமக்குள் சண்டையா? இல்லை. நான் ஏதாவது சொன்னேனா? குழம்பில் உப்பு தூக்கல் என்று ஒரு தடவை சொன்னேன், அது போன வருஷம். வேலைக்குப் போகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போகிறேன். நேற்று ஒரு லிஃப்டில் ஆறாவது மாடிக்குப் பதில் ஒன்பதில் இறங்கிவிட்டேன். லிஃப்ட் மெக்கானிக்குக்கே இந்த கதி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் போட்டோ வகுப்பு. ஒரு வருஷம் காத்திருந்து கிடைத்த இடம் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. நகவெட்டி வரைக்கும் எடுத்துக்கொண்டு போன நீ கேமராவை மட்டும் ஏன் அலமாரியில் விட்டுப் போனாய் என்பது எனக்குப் புரியவில்லை. பயிற்சிப் பட்டியலும் ஃபிரிட்ஜ் கதவில் அப்படியே ஒட்டியிருக்கிறது. மொத்தம் எட்டு. மூன்று முடித்திருக்கிறாய். நாலாவது, "உங்களோடு வாழும் ஒருவர், உங்களைப் பார்க்கும்போது". அதன் பக்கத்தில் பென்சிலால் ஏதேதோ தேதி எழுதி எழுதி அடித்திருக்கிறாய். அதை நீ அனுப்பவில்லை என்று டீச்சரின் குறிப்பு வந்திருக்கிறது. இன்னும் ஒன்று தவறினால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடுமாம்.

உன் இடம் பறிபோவதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்? அதனால் ஐந்தாவதை நானே எடுத்து, பின்பக்கம் உன் பெயரை எழுதி, வகுப்பு நடக்கும் நூலக வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டேன். திட்டாதே. நீ வரும்வரை இடத்தில் துண்டு போட்டு வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஐந்தாவது, "ஜன்னல் வழியே வரும் காலை வெளிச்சம்". முதலில் ஜன்னலைத் துடைத்தேன். பிறகு முக்காலியின் மேல் கேமராவை வைத்து, அதன் தலையில் என் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை அட்டை செருகினேன். டேப் வைத்து அளந்து, ஜன்னல் சரியாகப் படத்தின் நடுவில் நிற்கும்படி பார்த்துக்கொண்டேன். ஒரு நூல்கூடச் சாயவில்லை. நீயே பார்த்தால் அசந்துபோவாய்.

ஒரு சந்தேகம். அந்த லென்ஸில் எண் குறைந்தால் துவாரம் பெரிதாகிறது, எண் கூடினால் சின்னதாகிறது. இதை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தான்? நான் லிஃப்டில் இப்படிப் பொத்தான் வைத்தால் ஜனங்கள் என்னை அடித்தே கொன்றிருப்பார்கள். விளக்கம் தெரிந்தால் ஒரு வரி எழுது. வேறு எதுவும் எழுதாவிட்டாலும் அதையாவது எழுது.

மருந்து நேரத்துக்குச் சாப்பிடு. தங்கையைக் கேட்டதாகச் சொல்.

உன் கணவன்


வியாழக்கிழமை

அன்பு மனைவிக்கு,

துவாரத்தைப் பற்றிப் பதில் இல்லை. பரவாயில்லை. ஸ்டூடியோ அம்மாவிடம் கேட்டேன். பிரிண்ட் போட்டுத் தருவாளே, கண்ணாடி போட்ட அம்மா, அவள்தான். "அது அப்படித்தான் சார்" என்றாள். இருபத்தைந்து வருஷமாகத் தொழில் செய்கிறவளுக்கே அது அப்படித்தான் என்றால் நான் எந்த மூலை.

ஐந்தாவது பயிற்சிக்கு டீச்சரின் குறிப்பு வந்தது. "உங்கள் படங்கள் திடீரென்று கட்டட வரைபடம் மாதிரி ஆகிவிட்டன. உடம்பு நலமா?" என்று எழுதியிருக்கிறார். இது பாராட்டா, திட்டா? இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது. கட்டட வரைபடம் என்றால் சுத்தமான வேலை என்றுதானே அர்த்தம்? பிறகு எதற்கு உடம்பைப் பற்றிக் கேட்க வேண்டும்?

ஆறாவது, "வேலை செய்யும் கைகள்". நம்ம மீசைக்காரனைத்தான் எடுத்தேன். நாங்கள் இரண்டு பேரும் லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி நின்றுகொண்டு, அவன் கம்பிக் கயிற்றைத் துடைக்க, நான் படம் எடுக்க. "என்னண்ணே, என் கைய எடுத்து யாருக்குக் காட்டப் போறீங்க, போலீஸுக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். இருபது படம் எடுத்தேன். கூண்டு லேசாக ஆடியதில் ஒன்று மட்டும் கலங்கிவிட்டது. கை எது, கயிறு எது என்றே தெரியாது. மற்றதெல்லாம் கண்ணாடி மாதிரி. நல்லதாக ஒன்றைப் பொறுக்கி உறையில் வைத்தேன் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நல்லது சட்டைப்பையில் இருக்கிறது, கலங்கினது பெட்டிக்குப் போய்விட்டது.

போச்சுடா, இவள் இடத்துக்கு நானே உலை வைத்துவிட்டேனே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். வந்த குறிப்பு என்ன தெரியுமா? "இதுதான் படம். இந்தக் கைகள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன." எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஒழுங்காக எடுத்தால் உடம்பு நலமா என்கிறார்கள், கெட்டுப்போனதைக் கொடுத்தால் தட்டிக்கொடுக்கிறார்கள். நீ இதையெல்லாம் எப்படிப் புரிந்துகொண்டாய்? எனக்கு ஒரு தடவை சொல்லியிருக்கலாமே. ஒருவேளை சொன்னாயோ?

ஏழாவது "நிழல்". நாற்காலியின் நிழல் அழகாகச் சுவரில் விழுந்திருந்தது. சரியாகத் தெரியட்டும் என்று ஃபிளாஷ் போட்டேன். நிழலைக் காணோம். ஆறு தடவை போட்டேன், ஆறு தடவையும் காணோம். கடைசியில் ஃபிளாஷ் இல்லாமல் ஒன்று எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

உன் தங்கையிடம் நேற்றுப் பேசினேன். இந்தத் தடவை நீ குளிக்கவில்லை. "அக்கா உங்க லெட்டரைப் படிச்சாங்க அத்தான். ரசமட்டம்னு வந்த இடத்துல சிரிச்சாங்க. அப்புறம் எழுந்து உள்ள போயிட்டாங்க" என்றாள். சிரித்தவள் எதற்கு உள்ளே போக வேண்டும்? அவளைக் கேட்டால், "எனக்கென்ன தெரியும், உங்க பொண்டாட்டி, உங்களுக்குத்தான் தெரியணும்" என்கிறாள். எனக்குத் தெரிந்திருந்தால் ஏன் இவளிடம் கேட்கப் போகிறேன்?

நம் மகளும் அப்படித்தான். "நீங்களே யோசிங்கப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நான் யோசிக்கவில்லை என்று யார் சொன்னது? யோசிப்பதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை.

சமையல் நடக்கிறது. நடக்கிறது என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

உன் கணவன்


சனிக்கிழமை

அன்பு மனைவிக்கு,

இந்தக் கடிதத்தைப் பாதியில் மூடிவிடாதே. கொஞ்சம் பொறுமையாகப் படி.

எட்டாவது பயிற்சிக்காக நேற்று கேமராவை எடுத்தால், கார்டில் இடமில்லை என்றது. நான் எடுத்தது மிஞ்சிப்போனால் அறுபது படம் இருக்கும். அதற்குள் எப்படி நிறையும் என்று ஸ்டூடியோ அம்மாவிடம் கொடுத்தேன். அவள் கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். என்னுடையதெல்லாம் தாண்டியதும் நீ எடுத்தவை வந்தன. முதலில் உன் மூன்று பயிற்சிகள். அப்புறம் நான். திரும்பவும் நான். அவள் எண்ணியே சொன்னாள், அறுபத்து மூன்று. "சார், இதெல்லாம் நீங்கதானா? ஒண்ணுலகூட மூஞ்சி நேரா தெரியலையே" என்றாள்.

என் பொண்டாட்டி வேவு பார்த்திருக்கிறாளா என்ன என்று விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் சின்னதாகப் பிரிண்ட் போட்டு வாங்கிக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன்.

நான் ஷூ மாட்டுகிறேன். நான் போனில் பேசிக்கொண்டே சாப்பிடுகிறேன். சோபாவில் என் பின்தலை. எனக்கு அங்கே இவ்வளவு வழுக்கை என்று எனக்கே தெரியாது. ஜன்னலோரம் நின்று போனில் யாருக்கோ கையாட்டிப் புரியவைக்கிறேன். டிவி வெளிச்சம் ஒரு கன்னத்தில். ஒன்றில் நான் உன் தோளைத் தாண்டிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறேன். அதுதான் இருப்பதிலேயே கிட்டத்தில் வந்த பார்வை. ஒவ்வொன்றின் மூலையிலும் தேதி இருக்கிறது. எழுந்து போய் ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தேன். நீ பென்சிலால் எழுதி அடித்த பதினோரு தேதிகளும் அவைதான்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. மறைக்க மாட்டேன். ஒரு போட்டோவுக்காகவா இவ்வளவும்? "இங்க பாருங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னால் பார்த்திருக்க மாட்டேனா? நான் என்ன செவிடா? இப்படிக் கேட்டுக்கொண்டேதான் கடைசிப் படத்தை எடுத்தேன். நீ ஊருக்குப் போனதற்கு முந்தின நாள். அதில் என் உள்ளங்கை மட்டும் இருக்கிறது, படம் முழுக்க. அதற்குப் பின்னால் போனும் ஒரு காதும்.

நீ சொன்னாய். சொல்லித்தான் இருக்கிறாய். "ஒரே ஒரு நிமிஷம், இங்க பாருங்க" என்றாய். நான் கையை நீட்டி "இரு" என்றேன். அன்று சாயங்காலம் ஒரு கட்டடத்தில் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் ஒரு பெண் லிஃப்டில் மாட்டிக்கொண்டிருந்தாள். மீசைக்காரன் போய்ச் சேரும்வரை நான் அவளிடம் பேசிக்கொண்டே இருந்தேன். "பயப்படாதீங்கம்மா, நான் லைன்லயே இருக்கேன், எங்கயும் போகமாட்டேன்" என்று இருபது நிமிஷம். அந்தப் பேச்சில் தப்பில்லை, அது என் வேலை. ஆனால் அதை வைத்த பிறகு நான் உன்னிடம் வந்து "என்ன கேட்ட?" என்று கேட்கவில்லை. போய்க் கை கழுவிக்கொண்டு, சாப்பாடு ஆச்சா என்றேன். நீ எவ்வளவு நேரம் அங்கே நின்றாய் என்று எனக்குத் தெரியாது. மற்றப் பத்துத் தேதிகளிலும் நீ கூப்பிட்டாயா என்றும் தெரியாது. கூப்பிட்டிருப்பாய். எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் பெயரில் மூன்று படம் அனுப்பி உதவி செய்ததாக நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான்.

நீ வராததற்கு இதுதான் காரணமா, இதுவும் ஒரு காரணமா, இல்லை நான் இன்னும் கண்டுபிடிக்காத பத்து இருக்கிறதா? சத்தியமாகத் தெரியவில்லை. இதோடு முடிந்துவிட்டது, எல்லாம் புரிந்துவிட்டது என்று எழுதினால் அது பொய்.

இன்று வகுப்பு கூடும் நாள். காலையில் நூலக மாடிக்கு நேராகப் போய் டீச்சரிடம் உண்மையைச் சொன்னேன். "ரசமட்டம் வெச்சு எடுத்தது நீங்கதானா?" என்று சிரித்தார். பிறகு முகம் மாறிவிட்டது. வேறொருவர் எடுத்ததை உன் பெயரில் கொடுத்தால் அது கணக்கில் வராதாம். ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் போயிற்று. சட்டப்படி உன் இடமும் போயிற்று. நான் காப்பாற்றுகிறேன் என்று போய் நானே கெடுத்துவிட்டேன். "அவ சொல்லி நான் செய்யலைம்மா, தப்பு என்னோடது, என்ன தண்டனைன்னாலும் எனக்குக் குடுங்க" என்றேன். வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

டீச்சர் பட்டியலில் உன் பெயரைத் தேடிப் பிடித்தார். "அவங்க அனுப்பின மூணு படத்துலயே எனக்கு அவங்களைத் தெரியும். மாசக் கடைசிக்குள்ள நாலாவது பயிற்சி அவங்க கையால வரணும். வந்தா, மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கலாம். வரலைன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

கேமராவைப் பார்சலில் அனுப்பத்தான் முதலில் நினைத்தேன். பெட்டியெல்லாம் வாங்கிவிட்டேன். ஆனால் பயிற்சியில் "உங்களோடு வாழும் ஒருவர்" என்று போட்டிருக்கிறது. அந்த ஒருவர் இன்னும் நான்தானா என்று எனக்குத் தெரியவில்லை. உன் தங்கையை எடுத்தாலும் செல்லும், முப்பது நாளுக்கு மேல் அவளோடுதான் இருக்கிறாய். அது நீ முடிவு செய்ய வேண்டியது. நான் கேட்கத்தான் முடியும். கேட்கிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை காலைப் பஸ்ஸில் அங்கே வருகிறேன். உன்னைக் கூட்டிக்கொண்டு வருவதற்கு அல்ல, அப்படி எதுவும் பேச மாட்டேன். கேமராவை உன் கையில் கொடுக்க வருகிறேன். போனை மீசைக்காரனிடம் விட்டுவிட்டு வருகிறேன். யார் மாட்டிக்கொண்டாலும் அன்று அவன் பார்த்துக்கொள்வான். நீ வெளியே வந்தால் வா. எத்தனை படம் வேண்டுமோ எடு. எடுத்து முடித்ததும் போங்க என்றால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். உன் இடம் உனக்குக் கிடைத்தால் போதும். போதாதுதான், இருந்தாலும் போதும்.

நேற்றும் இன்றும் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிப் பார்த்தேன். இரண்டு நொடிக்கு மேல் நேராகப் பார்த்தால் எனக்குக் கண் தானாக வேறு எங்கோ போகிறது. ஆனாலும் விடப்போவதில்லை. ஒன்று மட்டும் எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. உன்னைப் பார்க்கும்போது நான் சிரிக்க வேண்டுமா, சும்மா பார்த்தால் போதுமா? நீயே வாசலுக்கு வந்து சொல், அதன்படி நிற்கிறேன்.

உன் கணவன்