சுடர் போட்ட திருகு

மார்ச் 4, திங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சாமி, கேட்டுக்கொள்: இந்தக் கேமராவை நான் கேட்டு வாங்கவில்லை. அண்ணன் மகள் போன தடவை வந்தபோது பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டுப் போனாள். சோப்புக்கட்டி அளவுதான். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது இதுதானாம். "போன் உனக்குச் சரிப்படாது அத்தை. நீ தொட்டா அது எங்கேயோ ஓடிடுது. இதுல ஒரே பொத்தான், அமுக்கினாப் போதும்" என்றாள்.

வேலை இதுதான். அண்ணனுக்கு வலது காலில் சர்க்கரைப் புண், கட்டைவிரலுக்கு அடுத்த விரலில். கால் ஊன்றக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஆளை இழுத்துக்கொண்டு வர வேண்டாம், தினமும் கட்டு மாற்றும்போது ஒரு படம் எடுங்கள், சனிக்கிழமை கேமராவைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிரேக் மிதிப்பது வலது கால். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

கேமராவின் மேலே வட்டமாகத் திருப்புகிற ஒரு திருகு இருக்கிறது. அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் படங்கள் — மலை, பூ, ஓடுகிற ஆள், ஒரு சுடர். நல்லது நடக்க வேண்டுமென்றால் சுடர்தானே பொருத்தம்? உன்னை நினைத்துக்கொண்டு திருகை அதில் வைத்தேன்.

புண்ணைப் படம் எடுத்த பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் எடுக்கிறேன். காயப்போட்ட துணி. மாடிப்படியில் தூங்கும் பூனை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சண்டை போடும் எதிர்வீட்டுப் புருஷன் பெண்டாட்டி. அவர்கள் சண்டையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள், எடுத்து முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

"நீ வாய மூடுறது இந்தப் பொட்டிய அமுக்குற நேரம் மட்டும்தான். இன்னும் ரெண்டு எடு" என்றார் அண்ணன்.

மார்ச் 9, சனி

டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்தத் தீப்பெட்டி அளவு திரையைப் பார்த்தார். நிறம் நன்றாக இருக்கிறது, அதே மருந்து போடுங்கள் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாளிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

மார்ச் 13, புதன்

கட்டைப் பிரித்தால் விரல் நுனி கறுத்த மாதிரி இருக்கிறது. படத்தில் நல்ல சிவப்பு, ரத்தம் ஓடுகிற சிவப்பு. என் கண்ணாடி பழசு. டாக்டரே படத்தைத்தான் நம்புகிறார். லேசாக ஒரு வாடை வேறு. மருந்தாக இருக்கும்.

மார்ச் 16, சனி

நன்றாக ஆறுகிறது என்றார் டாக்டர். நேரில் கறுப்பாகத் தெரிகிறதே என்று கேட்க வாய்வரை வந்தது. பின்னால் அத்தனை பேர் நின்றார்கள். எனக்கும் ஒரு பேச்சு தொண்டையில் நிற்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

மார்ச் 18, திங்கள்

கீழ்வீட்டுத் தையல்காரி ஒரு கவுன் தைத்து முடித்து, படம் எடுத்துத் தரச் சொன்னாள். எடுத்துக் காட்டினேன்.

"அக்கா, நான் வெள்ளையில தச்சிருக்கேன். நீங்க மஞ்சள்ல காட்டுறீங்க."

கேமராவை வாங்கித் திருகைப் பார்த்தாள். "மெழுகுவத்தி வெளிச்சத்துல எடுக்கிற இடத்துல வச்சிருக்கீங்க. இதுல எதை எடுத்தாலும் மஞ்சளும் செவப்புமாத்தான் விழும்" என்று ஒரு சுற்றுச் சுற்றிக் கொடுத்தாள். மறுபடி எடுத்தேன். கவுன் வெள்ளை.

மாடிக்கு ஓடினேன். அண்ணன் காலில் கட்டைப் பிரித்துப் படம் எடுத்தேன். கறுப்பு. விரல் முழுக்கக் கறுப்பு.

ஐயோ, என்ன பண்ணிட்டேன் — உன்னை நெனச்சுத்தானே திருகுனேன் — ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா நீ?

தையல்காரிதான் வாடகைக் கார் பிடித்து வந்தாள்.

மார்ச் 20, புதன்

விரலை வெட்டி எடுத்துவிட்டார்கள். பாதம் இருக்கிறது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும் என்றார் டாக்டர். கேமராவை வாங்கித் திருகை இப்படியும் அப்படியும் திருப்பினார். இனிமேல் ஆளையே கூட்டி வாருங்கள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அண்ணனிடம் ஒன்று விடாமல் சொன்னேன். "இன்னும் ஒன்பது இருக்கு, போதும். அழாதே, பக்கத்துக் கட்டில்காரர் தூங்குறார்" என்றார்.

மார்ச் 27, புதன்

கும்பிட்டேன். உன்னிடம் வேறெதுவும் பேசவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

அண்ணன் இன்று வேனில் ஏறி உட்கார்ந்தார். கிளப்பவில்லை. பிரேக்கை மட்டும் மிதித்து மிதித்துப் பார்த்தார். பின்னால் விளக்கு எரிகிறதா பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு மிதிக்கும் எரிந்தது.

முன்பக்கம் வந்து ஒரு படம் எடுத்தேன். "காட்டு, எப்படி விழுந்திருக்கேன்" என்று கையை நீட்டினார். பார்த்துவிட்டு, பாதித் தலையை வெட்டிவிட்டாய் என்று குறை சொன்னார்.

இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. அத்தனை நாள் அவர் காலைப் படம் எடுத்தேனே, ஒரு நாள்கூடக் காட்டு என்று அவர் கேட்டதில்லை.