தனியே சொல்லத் தெரியாத ஜெபம்

வெள்ளி இரவு, நவம்பர் 7, 1986

அன்புள்ள ராஹேல்,

இதை யாருக்கும் காட்டாதே. உன் அம்மாவுக்குக்கூட வேண்டாம். பண்ணைக்கு வருகிற கடிதம் எதுவானாலும் சமையலறையில் எண்பது பேருக்கும் உரக்கப் படிக்கப்படும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்கிறேன். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. "அந்தப் பண்ணைப் பேச்சே இந்த வீட்ல வேண்டாம், கடுதாசியும் வேண்டாம்"னு பண்ணையை விட்டு இந்த ஊருக்கு வந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்.

நாளை சந்தைக்கு வரும் பண்ணை வண்டியில் அம்மா காலி முட்டைத் தட்டுகளைத் திருப்பிக் கொடுப்பாள். அடித்தட்டுக்கும் அட்டைக்கும் நடுவே இதை வைத்திருக்கிறேன். தட்டு துடைப்பது நீதானே, உன் கைக்கே வந்துவிடும். அம்மாவுக்கென்று நீல நூல் கட்டி அனுப்பும் தட்டில் நீயும் அப்படியே வை.

அம்மா உங்களிடம் முட்டை வாங்குவது அப்பாவுக்குத் தெரியாது. தெரியாதென்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். போன வாரம் ஒன்றைக் கையில் உருட்டிப் பார்த்து, "இது எந்தக் கடை முட்டை? இவ்ளோ பெருசா இருக்கு?" என்றார். "ஏதோ ஒரு கடை" என்றாள் அம்மா. அதற்குமேல் கேட்கவில்லை. இரண்டு சாப்பிட்டார்.

பண்ணையில் ரேடியோ கூடாது என்று தெரிந்தும் டிராக்டர் கொட்டகையில் ஒன்றை ஒளித்து வைத்ததற்காக அப்பாவை இரண்டு ஞாயிறு சபையில் கதவோரம் தனியாக உட்கார வைத்தார்கள் அல்லவா? சபை முன்னால் மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர், இங்கே மூன்று ரேடியோ வாங்கிவிட்டார். ஒன்றையும் போடுவதில்லை.

பள்ளிக்கூடத்தில் முதல் வாரமே எனக்குத் திருடி என்று பெயர். மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் டப்பாவிலிருந்து ஓர் ஆப்பிள் துண்டை எடுத்துவிட்டேன். என் ரொட்டியில் பாதியை அவள் பக்கம் தள்ளியும் வைத்தேன். மேசையில் இருப்பது எல்லாருக்கும்தானே என்று பண்ணைப் பழக்கத்தில் கை தானாகப் போய்விட்டது. "ஏய், அது என்னோடது!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஹால் முழுக்கத் திரும்பியது. 'என்னோடது' என்கிற வார்த்தையை அவ்வளவு சத்தமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இப்போது தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

வீட்டில் எனக்கென்று ஓர் அறை. என் கட்டில், என் விளக்கு, என் கதவு. அங்கே நாம் நாலு பேர் ஒரே அறையில் ஒருத்தி மூச்சு இன்னொருத்தி மேல் பட்டுத்தானே தூங்கினோம்? இங்கே ஜெபத்துக்கு மணி அடிக்கவும் ஆள் இல்லை. அங்கே இருந்தவரை கர்த்தர் சூப்பில் உப்பு மாதிரி. இருந்தார், நான் கவனித்ததில்லை. மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் கட்டிலை விட்டு இறங்கித் தரையில் முழங்காலிட்டு, "நீர் இங்கேயும் இருக்கிறீரா?" என்று கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் கேட்ட இடத்தை விட்டு எழுந்திருக்க மனசு வரவில்லை. அங்கேயே தூங்கிவிட்டேன்.

என் படுக்கையில் இப்போது யார் படுக்கிறார்கள்?

உன்,
தோரா


நவம்பர் 14

அடி கழுதை தோரா,

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறாய், அதிலும் முதல் வரியே கட்டளை! உன் படுக்கையில் என் தங்கை மார்த்தா படுக்கிறாள். தூக்கத்தில் உதைக்கிறாள். நீ குறட்டைதான் விடுவாய், அது தேவலை.

வாத்துகளுக்கு இறகு பிடுங்கி முடித்தோம். என் மூக்குக்குள் இன்னும் ஒரு வாத்து இருக்கிறது. வண்டி ஓட்டும் சக்கரியா மாமாவுக்குக் கடைவாய்ப் பல் வலி. டாக்டரிடம் போக மாட்டேன் என்று கிராம்பை அடக்கிக்கொண்டு எல்லோரிடமும் எரிந்து விழுகிறார். நூடுல்ஸ் வெட்டும் மேசையில் உன் அம்மாவின் இடம் காலியாகவே இருக்கிறது. ஏன் என்று யாரும் பேசுவதில்லை. யாரும் நகர்ந்து உட்காரவும் இல்லை.

உன் கடிதத்தை எங்கேடி வைப்பேன்? இந்தப் பண்ணையில் ஒளிக்க ஓர் இடம் சொல் பார்ப்போம். பெட்டியை மார்த்தா திறப்பாள், மாவறைக்குள் பத்துப் பேர் போய் வருவார்கள். கடைசியில் காலுறைக்குள் வைத்துக்கொண்டு நடக்கிறேன். பிறந்ததிலிருந்து எனக்கென்று ஒன்று இருந்ததில்லை. இப்போது இருக்கிறது. நடக்கும்போதெல்லாம் குத்துகிறது.

"என்னடி நொண்டற?" என்று அம்மா கேட்டாள். "ஆணிக்கால்" என்றேன். இப்போது தினமும் ராத்திரி வெந்நீரும் உப்பும் வைத்துத் தருகிறாள். நீ என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாய்.

தனியாகச் சாப்பிடாதே. யார் பக்கத்திலாவது போய் உட்கார். கையை மட்டும் மடியில் வைத்துக்கொள்.

ராஹேல்


நவம்பர் 28, வெள்ளி இரவு

அன்புள்ள ராஹேல்,

நான் சந்தோஷமாக இருக்கிறேன். இதை இங்கே யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் உனக்கு.

நீ நடக்கும்போது உன் காலில் கடிதம் குத்துகிற மாதிரி, எனக்கு இந்த அறையில் இருக்கிற ஒவ்வொன்றும் குத்த ஆரம்பித்தது. ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன். கண்ணாடியைக் கூடத்தில் மாட்டினேன். நாலு கவுனில் மூன்றைத் தேவாலயத்துப் பெட்டியில் போட்டேன். அந்த மூன்று ரேடியோவில் ஒன்றை அப்பா என் மேசையில் வைத்திருந்தார், அதை அம்மாவின் அலமாரிக்குள் வைத்தேன். தரையில்தான் படுக்கிறேன். அறை காலியாகக் காலியாக யாரோ உள்ளே வந்து உட்கார இடம் கிடைத்த மாதிரி இருக்கிறது. யார் என்று உனக்குத் தெரியும். அங்கே பாட்டுகளிலும் பிரசங்கத்திலும் கேட்டது எல்லாம் நிஜம் ராஹேல். எனக்கு இங்கே வந்துதான் தெரிய வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை கடுங்குளிர். பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண், கைக்குழந்தையோடு, வெறும் கம்பளிச் சட்டையில் நின்றாள். அப்பா எனக்கு வாங்கிக் கொடுத்த சிவப்புக் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். "பைத்தியமா நீ?" என்றாள். ஆனால் குழந்தையை உள்ளே வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டாள். வீடு வரைக்கும் ஓடினேன். ஓடும்போது பாடினேன். வாயில் பனி விழுந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு எதிலும் வந்ததில்லை.

அப்பா பீட்ரூட்டில் சர்க்கரை எடுக்கும் ஆலையிலிருந்து ராத்திரி பதினொன்றுக்குத்தான் வருவார். ஆணியில் கோட்டைக் காணோமே என்று கேட்டார். சொன்னேன்.

"கொடுத்துட்டியா?"

"அவங்களுக்குக் குளிருச்சுப்பா."

"எனக்கும்தான் குளிருது. நாலு ஞாயித்துக்கிழமை பீட்ரூட் குவியல் மேல நின்னு வாங்கினது அது. உனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்னுதானே வாங்கினேன்? உனக்குன்னு!"

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு மூன்று பேருக்குச் சமைக்க வரவில்லை. ஒரு பானை சூப் வைத்துவிட்டு மூன்று நாள் அதையே சாப்பிடுகிறோம்.

நான் இங்கே இருக்க முடியாது ராஹேல். எனக்கு வேண்டியது எல்லாம் அங்கே இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்திய சனிக்கிழமை வண்டி வரும்போது காலிப் பெட்டிகளுக்கு நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு வை. சக்கரியா மாமாவிடம் சொல்லாதே. பண்ணைக்கு வந்து சேர்ந்துவிட்டால் திருப்பி அனுப்ப மாட்டார்கள் அல்லவா? ஒரு வரி எழுது. சரி என்று மட்டும் எழுது.

தோரா


டிசம்பர் 12

தோரா,

நான் காட்டிவிட்டேன்.

திட்டு. திட்டி முடித்துவிட்டு மேலே படி.

ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. போன சனிக்கிழமை உன் அம்மாவின் தட்டில் முட்டை அடுக்கும்போது ஆறு உடைத்துவிட்டேன். "இது ஆணிக்கால் இல்லடி" என்றாள் அம்மா. இரண்டு கடிதத்தையும் எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவள் சமையலறைக்குக் கொண்டுபோகவில்லை. நேரே பெரியப்பாவிடம் போனாள். பண்ணைச் சபைக்கே போதகர், அவருக்குத் தெரிந்துதானே ஆக வேண்டும்? எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

பெரியப்பா கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்பன் சம்மதம் இல்லாம பதினஞ்சு வயசுப் பொண்ண முட்டைப் பெட்டி நடுவுல ஏத்திட்டு வந்தா, அதுக்குப் பேரு திருட்டு" என்றார். ஆனால் 20ஆம் தேதி வண்டியில் அவரே சந்தைக்கு வருவாராம். அதற்குள் நீ உன் வாயால் உன் அப்பாவிடம் கேட்டிருந்தால், உங்கள் வீட்டுக்கே வருவாராம். உன் அப்பா எதிரில் உட்கார்ந்து பேசுவாராம். கதவோரம் உட்கார வைத்த அந்த இரண்டு ஞாயிறைப் பற்றியும் பேச வேண்டியது இருக்கிறது என்றார். நீ கேட்கவில்லை என்றால் சந்தையோடு திரும்பிவிடுவார். நம் வீட்டுக்கு வா என்று பிள்ளைக்கு ஆசை காட்ட மாட்டேன் என்றார்.

கேளடி. எனக்கு நீ வேண்டும். மார்த்தா உதைத்து உதைத்து என் முட்டி நீலமாகிவிட்டது.

ஆனால் ஒன்று மனசில் கிடக்கிறது, சொல்லாமல் இருந்தால் அதுவும் குத்தும். அந்தக் கோட்டைக் கொடுத்தது நீயா, உன் அப்பாவா? இங்கே யாருக்கும் கோட்டு சொந்தமில்லை, அதனால் கொடுத்தேன் என்று பாடிக்கொண்டு ஓடவும் யாருக்கும் வழியில்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. உன் அப்பாவை நினைத்தால் மட்டும் பாட்டு வரவில்லை.

கோபித்துக்கொள்ளாதே.

ராஹேல்


டிசம்பர் 19, வெள்ளி இரவு

அன்புள்ள ராஹேல்,

நீ காட்டியதற்கு மூன்று நாள் கோபம். கோட்டைப் பற்றி எழுதியதற்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. போகட்டும்.

இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று இருந்தேன். நாளை வண்டி வந்துவிடும். கேட்க வேண்டிய வார்த்தைகளைக்கூட மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அம்மா பத்து மணிக்கே படுத்துவிட்டாள். நான் விளக்கை அணைத்துவிட்டு, அப்பா வந்து சாப்பிட்டு முடிக்கட்டும் என்று இருட்டில் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

அப்பா வந்தார். பூட்ஸைக் கழற்றினார். சூப்பைச் சுடவைத்து மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கரண்டிச் சத்தம் வரவில்லை. அப்புறம் நம் சாப்பாட்டு ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தார். இங்கே வந்த பிறகு அவர் வாயிலிருந்து அதை நான் கேட்டதே இல்லை. முதல் இரண்டு வரி சரியாகச் சொன்னார். மூன்றாவது வரியில் நின்றுவிட்டார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி அங்கேயே நின்றார்.

உனக்குப் புரிகிறதா? பிறந்ததிலிருந்து எண்பது பேரோடு சேர்ந்தே சொன்னது. அப்படிச் சொல்லும்போது யாருக்கும் முழுசாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, விட்ட இடத்தைப் பக்கத்தில் இருக்கிறவர் இழுத்துக்கொண்டு போய்விடுவார். நாற்பத்தொரு வயதில் அவருக்கு அது தனியாகச் சொல்லத் தெரியவில்லை. மூன்றாவது முறை நின்றபோது படுக்கையறை இருட்டிலிருந்து அம்மா அந்த வரியை எடுத்துக் கொடுத்தாள். தூங்கவில்லை போலிருக்கிறது. அடுத்த வரியை அப்பா சொன்னார். அதற்கு அடுத்ததில் இரண்டு பேரும் தடுமாறினார்கள். அந்த வரி எனக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்தது. பயத்தில் சொல்லாமல் நின்றுவிட்டேன். ஜெபம் பாதியில் நின்றுபோனது. "ஆமென்" என்றுகூட யாரும் சொல்லவில்லை.

அதன்பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கட்டிலை விட்டது கஷ்டமாக இல்லை. கவுனை விட்டது, கண்ணாடியை விட்டது எதுவும் கஷ்டமாக இல்லை. அத்தனையும் விட்டேனே, பண்ணைக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் பண்ணை, என் ராஹேல், என் கர்த்தர். ஆப்பிளுக்குச் சத்தம் போட்டாளே அந்தப் பெண், நானும் அவளைப் போலத்தான். நான் நாளைக்கு வண்டி ஏறினால் இந்த மேசையில் இரண்டு பேர். இரண்டு பேராலும் அந்த ஜெபத்தை முடிக்க முடியாது.

அதனால் நான் கேட்கப் போவதில்லை. பெரியப்பா வீட்டுக்கு வர வேண்டாம். இல்லை, வரட்டும், ஆனால் எனக்காக வேண்டாம். அப்பாவோடு அந்த இரண்டு ஞாயிறைப் பற்றிப் பேச மட்டும் எப்போதாவது வரட்டும். இந்தக் கடிதம் நாளைக்குத்தான் வண்டியில் ஏறும் என்பதால், அம்மாவிடம் சொல்லிச் சந்தையில் பெரியப்பாவிடமே நேரில் சொல்லச் சொல்கிறேன்.

எழுதும்போது அழுகிறேன், தாளில் பார்த்தால் தெரியும். ஆனால் அந்தச் சிவப்புக் கோட்டைக் கொடுத்துவிட்டு ஓடினேனே, அதே சந்தோஷம் எங்கோ அடியில் இருக்கிறது. இந்தத் தடவை சின்னதாக இருக்கிறது. பாட்டு இல்லை. ஓடவும் தோன்றவில்லை. இங்கேயே உட்காரத்தான் தோன்றுகிறது. கர்த்தரும் எழுந்து போகவில்லை, கூடவே உட்கார்ந்திருக்கிறார் என்று நம்புகிறேன். நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. உன்னை எப்போது பார்ப்பேன் என்றும் தெரியவில்லை. என் படுக்கையை மார்த்தாவே வைத்துக்கொள்ளட்டும். உனக்கு முட்டி வலித்தால்

கதவைத் தட்டுகிறார்கள். விளக்கு வெளிச்சம் தெரிந்துவிட்டது. அப்பாதான். "தோரா, முழிச்சிட்டுத்தானே இருக்க? வாம்மா, ஒரு வாய் சூப் சாப்பிடு. எனக்குத் தனியா இறங்கல" என்கிறார். நான் போகிறேன். அந்த வரி இன்னும் வாயில்தான் இருக்கிறது.