சவுரியம்மாள் கிணற்றின் படம்

ஆம்பூர்
9.1.2007

அன்பு மகள் ஃபீபிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் டில்லிக் குளிரில் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். அம்மாவுக்குச் சர்க்கரை கம்மியாகியிருக்கிறது, அதையே சாக்காக வைத்து மிச்சமிருந்த கிறிஸ்துமஸ் கேக்கைத் தின்று தீர்த்துவிட்டாள்.

உங்கள் ஆராய்ச்சி நிலையம் போட்ட பருவநிலை மாற்றப் புத்தகம் நாற்பதும் வந்தது, சபையில் கொடுத்து முடித்தேன். மழை ஏன் தவறுகிறது, வெயில் ஏன் ஏறுகிறது என்று எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுதியிருக்கிறாய், பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஏழாம் பக்கத்தில், பருவநிலை மாற்றத்தால் கைவிடப்பட்ட கிணறு என்று ஒரு படம் போட்டிருக்கிறாயே, அது நம் பக்கத்து வீட்டுச் சவுரியம்மாள் அத்தையின் நிலத்துக் கிணறு. ஊர்ப் படம் அனுப்புங்கள் என்று நீ கேட்டபோது நான் எடுத்து அனுப்பியது. பின்பக்கம் ஒரு வரி எழுதாமல் அனுப்பியது என் தப்பு. அந்தக் கிணற்றில் இப்போதும் தண்ணீர் இருக்கிறது, தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கி வாயில் வைக்க முடியாது, அவ்வளவுதான். அந்தக் கழிவு வாய்க்காலை அடைக்கச் சொல்லி அவள் கொடுத்த மனு போன வாரம் விசாரணைக்கு வந்தது, நான் துணைக்குப் போனேன். தொழிற்சாலை வக்கீல் உன் புத்தகத்தை எடுத்து நீட்டினார். பெரிய ஆராய்ச்சி நிலையமே உலகச் சூட்டினால் கெட்ட கிணறு என்கிறது, எங்கள் மேல் ஏன் பழி என்றார். வெளியே வந்ததும் அவள், நம்ம பாப்பாவா எழுதிச்சு, அப்போ அதான் சரியா இருக்கும் வாத்தியாரே, எனக்கு இன்னா தெரியும், மனுவை வாபஸ் வாங்கிடுறேன் என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போனில் சொன்னதற்கு, உதாரணத்துக்குப் போட்ட படம்பா, யாரு கவனிக்கப் போறாங்க என்றாய். ரொம்பச் சலிப்பாக இருக்கிறதம்மா. அச்சில் வந்தால் நம்பலாம் என்று முப்பது வருஷமாக இந்த ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். படம் தவறு என்று நிலையத்தின் தாளில் ஒரு கடிதம் வாங்கி அனுப்பு. மேலதிகாரி கோபிப்பார் என்றால் உன் இஷ்டம். இருபத்திரண்டாம் தேதி அடுத்த விசாரணை, அதுவரை மனுவைத் தொடாதே என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உன் கடிதம் வந்தாலும் வராவிட்டாலும் நான் எழுந்து நின்று, என் மகள் எழுதியது தவறு என்று சொல்லப் போகிறேன். அதை நீ வேறு யாரிடமிருந்தும் கேட்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கர்த்தர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும். காதை மூடாமல் வெளியே போகாதே. அனுப்புவதானால் கூரியரில் அனுப்பு.

உன் மேல் பாசம் குறையாத அப்பா,
ஜார்ஜ்