‘ரோந்தினே’ கைத்துப்பாக்கியில் மிரியம் வெட்டாத கோடு

அனுப்புநர்:
எலியா சுபானி,
வடிவமைப்புப் பொறியாளர் (இன்று முதல் மரக்கட்டைப் பிரிவு),
வால்கரோ ஆயுதத் தொழிலகம்,
வால் திரோம்பியா, பிரெஷா மாவட்டம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
துப்பாக்கிப் பரிசோதனை நிலையம்.

பொருள்: ‘ரோந்தினே’ என்னும் புதிய கைத்துப்பாக்கியின் சட்டகத்தில் விரிசல் – வரும் ஞாயிறு சாந்தா பார்பரா திருநாளில் அதைச் சுடவிடாமல் தடுத்து, செதுக்கிய சட்டகத்தை மறுபரிசோதனை செய்யக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் எங்கள் தொழிலகத்தைத் தொலைபேசியில் விசாரித்தால், “எலியாவா, அவனுக்குப் பொறாமைங்க” என்றுதான் முதலில் சொல்வார்கள். அதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். ‘ரோந்தினே’வை வடிவமைத்த தியேகோ பெலிட்சாரி மீது எனக்குப் பொறாமை உண்டு. அதை மறுத்துத் தங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. சட்டகத்தில் விரிசலும் உண்டு. மனு அதைப் பற்றியது.

1. புதிய கைத்துப்பாக்கிக்குச் சென்ற ஆண்டு இரண்டு வரைவுகள் முன்வைக்கப்பட்டன. ஒன்று என்னுடையது. அதில் சட்டகத்தின் பக்கச்சுவர் தடிமனானது. உட்புற மூலைகள் எல்லாம் வளைவாக உருட்டப்பட்டவை. மற்றது தியேகோவுடையது. எடை குறைய வேண்டும் என்பதற்காகச் சுவரை இழைத்து இழைத்து மெலிதாக்கியிருந்தார். உட்புறத்தில், விசைக்கு மேலே உள்ள மூலையைக் கத்தியால் வெட்டியது போலச் சதுரமாக விட்டிருந்தார். இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்த எங்கள் முதலாளி திரு. கொன்தெஸ்ஸா, “இது சிட்டு, அது செங்கல்” என்றார். தியேகோவுடையதற்கு ‘ரோந்தினே’ என்று குருவியின் பெயரே வந்துவிட்டது. என்னுடையதை உணவுக்கூடத்தில் இன்றும் செங்கல் என்றுதான் சொல்கிறார்கள். உப்புக் கேட்டால்கூட, “செங்கல்லுக்கு உப்பு வேணுமாம், குடுங்கப்பா” என்கிறார்கள்.

2. சட்டகத்தின் பக்கவாட்டில் செதுக்கியிருக்கும் காட்டுத் திராட்சைக் கொடி எங்கள் செதுக்குநர் மிரியம் கத்தா அவர்களின் வேலை. அந்தக் கொடியை அவர் முதன்முதலில் வரைந்தது என் சமையலறை மேசையில், பொலெந்தா என்னும் சோளக்களியைக் கிண்டிக்கொண்டே. என் சட்டகத்துக்காக வரைந்தது. இலைகள் புடைத்து நிற்க எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்று அவர் கேட்டார். என் சுவர் எவ்வளவு தாங்கும் என்று நான் சொன்னேன். அந்த ஆழம் என் சுவருக்கான ஆழம். வசந்தத்தில் என் வரைவு தள்ளுபடியானது. கோடையில் மிரியம் தியேகோவுக்கு நிச்சயமானார். கொடியும் அதே ஆழத்தோடு அந்தப் பக்கம் போய்விட்டது. இதில் முதல் இரண்டும் தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டவை அல்ல என்பது தெரியும். மூன்றாவது உட்பட்டது.

3. தங்கள் நிலையத்தின் மீது எனக்குப் புகார் இல்லை. ‘ரோந்தினே’ தங்களிடம் வந்தபோது செதுக்காத வெறும் சட்டகத்தோடு வந்தது. வழக்கத்தைவிட அதிக வெடிமருந்து ஏற்றிய மிகை மருந்துத் தோட்டாக்களைத் தாங்கியது. தாங்கள் முத்திரை குத்தினீர்கள், சரியாகத்தான் குத்தினீர்கள். அதன் பிறகே அது செதுக்குப் பிரிவுக்குப் போனது. எங்கள் பள்ளத்தாக்கில் எப்போதும் இதுதான் வரிசை. செதுக்கிய பிறகு யாரும் திரும்பச் சோதிப்பதில்லை. இங்கே செதுக்குவதை ஆடை உடுத்துவது போலத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது உலோகத்தைக் குறைக்கும் வேலை என்பது கல்லூரியில் படித்து வந்த எங்களுக்கே மறந்துபோகிறது. தடித்த எஃகுச் சட்டகத்தில் மறந்தால் பாதகமில்லை. இது மெலிந்த அலுமினியக் கலவை. முத்திரை பெற்ற தடிமன் இப்போது அந்தத் துப்பாக்கியில் இல்லை.

4. கோளாறு முதலில் தெரிந்தது இப்படி. சுடும்போது, சட்டகத்தின் மேல் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு பாதியில் தயங்கி, வெற்றுத் தோட்டாக்கூட்டைக் கவ்விக்கொண்டு நின்றது. தியேகோ ஸ்பிரிங்கை மாற்றினார். மேகசினை மாற்றினார். பிறகு தோட்டாக்காரரைத் திட்டி, தோட்டாவையே மாற்றினார். சிக்கல் தொடர்ந்தது. நான் ஒரே ஒரு காரியம் செய்தேன். சிக்கும் துப்பாக்கியின் ஸ்லைடைக் கழற்றி, செதுக்காத சட்டகத்தில் மாட்டிச் சுட்டேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. அதையே செதுக்கிய சட்டகத்தில் மாட்டிச் சுட்டதும் மறுபடி சிக்கியது. எனவே குறை ஸ்லைடிலோ தோட்டாவிலோ இல்லை. செதுக்கிய சட்டகத்தில் ஸ்லைடு ஓடும் காடி ஒவ்வொரு வெடிக்கும் சற்று விரிந்து கொடுக்கிறது. இதைக் கண்டுபிடிக்கப் பட்டம் தேவையில்லை. ஸ்பிரிங்கை விட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தால் போதும். சிட்டின் இறக்கையைத் தடவிக் கொடுக்கவே தியேகோவுக்கு நேரம் போதவில்லை.

5. பிறகுதான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். கொடியின் மூன்றாம் இலையின் நுனியிலிருந்து ஒரு மெல்லிய சுருளிழை மேல்நோக்கிப் போகிறது. ஆய்வுப் பிரிவில் அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் செதுக்கல் என்றே எண்ணிக் கடந்திருக்கிறார்கள். மிரியம் இலை நுனியில் சுருளிழை வைக்கமாட்டார். கணுவில்தான் வைப்பார், கொடியில் அது அங்கேதான் முளைக்கும் என்று எனக்கு ஒருமுறை விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். அவர் இழைகள் இடப்பக்கம் சுழலும். இது சுழலவே இல்லை. உட்புறத்தில் தியேகோவின் சதுர மூலை எங்கே இருக்கிறதோ, அதற்கு நேர் எதிரே இந்தக் கோடு வெளிவருகிறது. இது கொடியின் பகுதி அல்ல, விரிசல். இது முழுதாக ஓடினால் காடி பிளக்கும். காடி பிளந்தால் ஸ்லைடு பின்னால் வரும். பின்னால் இருப்பது சுடுபவரின் முகம்.

6. உடனே தியேகோவிடம் காட்டினேன். அவர் பூதக்கண்ணாடியைக்கூட வாங்கவில்லை. “எலியா, பொண்ணு போச்சு, துப்பாக்கி போச்சு. இப்ப இலையில கோடு எண்ணிக்கிட்டு இருக்கியாடா?” என்று கேட்டார். அருகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நன்றாகத்தான் கேட்டார், அவருக்கு அதெல்லாம் நன்றாக வரும். அடுத்து மிரியமிடம் போனேன். “வடிவத்துல குறை சொல்லியாச்சு, இப்ப என் கை வேலையிலயும் குறை சொல்ல வந்துட்டியா? அவர் மேல கோவம்னா அவர்கிட்ட காட்டு” என்றார். ‘அவர்’ என்று சொன்னார். நாங்கள் பழகிய இரண்டு குளிர்காலமும் என்னை ‘நீ’ என்றுதான் அழைத்தார். சட்டகத்தை அவர் கையில் கொடுக்க நீட்டினேன். வாங்காமல் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார். கடைசியாக முதலாளியிடம் போனேன். “தம்பி, திருநாள் வரைக்கும் வாயை மூடிக்க. திங்கக்கிழமையிலேர்ந்து நீ கட்டைப் பிரிவுக்குப் போ, அங்க இழைக்க நிறைய இருக்கு” என்றார். இன்று திங்கட்கிழமை. வேட்டைத் துப்பாக்கிகளுக்கான வால்நட் கட்டைகளுக்கு நடுவே அமர்ந்துதான் இதை எழுதுகிறேன்.

7. எங்கள் தொழிலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சோதனைகளை விட்டால், புதிய துப்பாக்கியின் முதல் குண்டை, வெடிமருந்துத் தொழிலாளரின் காவல் புனிதையான சாந்தா பார்பராவின் நாளில், பூசை முடிந்ததும், எல்லோர் முன்னிலையிலும் சுடுவார்கள். வடிவமைத்தவர் தானே சுடுவதில்லை; தன் வீட்டாரில் ஒருவர் கையில் கொடுப்பார். என் வேலையை இவ்வளவு நம்புகிறேன் என்று அதற்கு அர்த்தம். இந்த ஞாயிறு தியேகோ அதை மிரியம் கையில் கொடுக்கப் போகிறார். விருந்துக்குச் சுட்டுக்கோலில் குத்த இறைச்சிக்குச் சொல்லியாகிவிட்டது. வாசலில் மாட்டியுள்ள சுவரொட்டியில் மிரியம் துப்பாக்கியைப் பிடித்தபடி நிற்கிறார். தியேகோ பின்னாலிருந்து அவர் மணிக்கட்டைத் தாங்குகிறார். அந்தப் பிடியும் தவறு. அப்படித் தாங்கினால் குறி ஏறும்.

8. அந்த நாளில் என் சட்டகம் மிரியம் கையில் இருக்கும் என்று ஒரு காலத்தில் நான் நினைத்தது உண்மை. ஞாயிற்றுக்கிழமை ‘ரோந்தினே’ சிக்கி, முதலாளியின் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்படாமலும் இல்லை. ஆனால் சிக்குவது வேறு, பிளப்பது வேறு. தங்கள் நிலையத்தில் சோதனைத் துப்பாக்கியை யாரும் கையில் பிடிப்பதில்லை. இரும்புப் பெட்டிக்குள் கட்டிவைத்து, சுவருக்கு அப்பால் நின்று கயிற்றை இழுக்கிறீர்கள். முத்திரை பெற்ற துப்பாக்கியைத்தான் கையில் பிடிப்பார்கள். மிரியம் பிடிக்கப்போவது முத்திரை பெற்ற துப்பாக்கி அல்ல. அதிலிருந்து அவரே அரைச் சுவரை வெட்டி எடுத்துவிட்டார். அது அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தியேகோ சுவரொட்டிக்கு நின்றுகொண்டிருக்கிறார்.

எனவே ஐயா, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பாக ஓர் ஆய்வாளரை அனுப்பி, செதுக்கு முடிந்த ‘ரோந்தினே’ சட்டகங்களைக் கைப்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். செதுக்கிய பிறகு அவற்றை மீண்டும் மிகை மருந்தில் சோதிக்க வேண்டும். முடிவு தெரியும்வரை திருநாள் சுடுதலை நிறுத்திவைக்க வேண்டும். நான் சொல்வதை நம்ப வேண்டாம். நானே தங்கள் இடத்தில் இருந்தால் நம்பமாட்டேன். என்னை அந்த அறைக்குள்ளும் விட வேண்டாம். தியேகோ நிற்கட்டும். விரிசல் இல்லையென்று ஆனால், விருந்து மேசையில் எழுந்து நின்று அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கட்டைப் பிரிவிலேயே இருந்துவிடுகிறேன்.

மிரியம் கத்தா அவர்களைக் கட்டாயம் அழையுங்கள். என்னிடமிருந்து வாங்கிப் பார்க்காத சட்டகத்தைத் தாங்கள் நீட்டினால் வாங்கிப் பார்ப்பார். மூன்றாம் இலையின் நுனியைக் காட்டி, இது உங்கள் கோடா என்று மட்டும் கேளுங்கள். அதற்குப் பிறகு வேறு சாட்சி தேவைப்படாது.

சோதனைச் சாயத்தை உட்புறத்தில் தடவினாலே விரிசல் தெரிந்துவிடும். வெளியே கொடியைச் சுரண்ட வேண்டாம். நன்றாக வெட்டியிருக்கிறார்.

இணைப்பு: மூன்றாம் இலையின் பெரிதாக்கிய புகைப்படம், உட்புற மூலையின் வரைபடம்.

இடம்: வால் திரோம்பியா
நாள்: 28.11.2022

தங்கள் விரைந்த நடவடிக்கையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
எலியா சுபானி