ஆறு மணி மெயின்

12 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

காதர்பேட்டை பனியன் சந்தையில் ஒரு கடை வாசலில் என் யானை தொங்குகிறது. குடை பிடித்த யானை. குழந்தைகள் பனியனுக்காக நாங்கள் வரைந்தது. ஆர்டர் கொடுக்கும் எந்தப் பையருக்கும் இன்னும் காட்டவில்லை. கணினியில் கை வைப்பது இரண்டே பேர். நானும் டிசைனர் பரணியும். ஆறு வருடமாக இருக்கிறான். இருந்தால் என்ன?

13 ஆகஸ்ட்

டிசைன் டிரைவ் முழுவதையும் பாஸ்வேர்டு இல்லாமல் திறக்காதபடி என்கிரிப்ட் செய்தாயிற்று. பாஸ்வேர்டு எனக்கு மட்டும். மீட்புச் சாவி ஒன்றைத் தனியாகப் பென்டிரைவில் எடுத்து வைக்கச் சொல்லித் திரையில் வந்தது. அது எவன் கையிலாவது சிக்கினால்? வேண்டாம் என்று அழுத்தினேன்.

இனி காலையில் திறந்து கொடுப்பதும் மாலையில் பூட்டுவதும் நான்தான். பரணி ஐந்து மணிக்கே கிளம்பிவிட வேண்டும். "ஏனுங்கக்கா, நேரத்துலயே போகச் சொல்றீங்க?" என்றான். கேட்ட விதமே சரியில்லை.

19 ஆகஸ்ட்

மூன்று ஃபைல் திறக்கவில்லை. சிதைந்துவிட்டதாம். பூட்டும் என்னுடையது, சாவியும் என்னிடம் — பின்னே எப்படி?

21 ஆகஸ்ட்

இன்று ஏழு ஃபைல். பாஸ்வேர்டை மாற்றினேன். பரணி டீ குடிக்கும்போதும் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கவனித்துவிட்டான். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

25 ஆகஸ்ட், திங்கள்

டிரைவே திறக்கவில்லை. அறுபத்திரண்டு டிசைன். வெள்ளிக்கிழமை பையர் வருகிறார். இந்த ஆர்டர் போனா பனியன் ஷெட்டையே மூடணும், வேற வழியே இல்ல.

"யாருக்குடா வித்தே?" என்று கத்திவிட்டேன். பரணி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

26 ஆகஸ்ட்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சரவணக்குமார் வந்தார். "யாரும் நுழையலீங்க. டிரைவ் தொறந்திருக்கறப்பவே கரண்டு போயிருக்குது, தெனமும். சாதா டிரைவுன்னா நாலு ஃபைலோட போயிருக்கும். இதுல பூட்டு இருக்கற எடமே அடிபட்டுப் போச்சுங்க, இனி பாஸ்வேர்டு போட்டும் தொறக்காது. மீட்புச் சாவி இருக்குதுங்களா?"

எடுத்து வைக்கவில்லை என்றேன்.

"சாயங்காலம் யாருங்க ஷட்டவுன் பண்றது?"

பஞ்சுத் தூசியில் ஒருமுறை தீப்பிடித்ததிலிருந்து, ஆறு மணிக்கு ஷெட் முழுவதற்கும் மெயின் சுவிட்சை இறக்குவது நான். கணினியின் திரையைப் பூட்டிவிட்டு இறக்கினேன். பூட்டினால் நிறுத்தினதாகிவிடுமா? இத்தனை வருடமும் அதற்கு முன்னால் கணினியை நிறுத்தி வைத்தது பரணி. எனக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அவனை ஐந்து மணிக்கே விரட்டினது யாரு? நாந்தானே!

28 ஆகஸ்ட், வியாழன்

நேற்று பரணி வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன். இன்று வந்தான். அவனுடைய பென்சில் நோட்டிலிருந்து இருபது டிசைன் மறுபடி கணினியில் ஏறியிருக்கிறது. நாளை அதைத்தான் காட்ட வேண்டும். யானை எப்படிக் காதர்பேட்டைக்குப் போனது என்று இன்னும் தெரியவில்லை.

புது பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி நீட்டினேன். வாங்கவில்லை. "வேண்டாங்கக்கா. நாளைக்கு ஒண்ணு போச்சுன்னா மறுபடியும் என்னையத்தான் பாப்பீங்க."

ஆறு மணிக்கு அவனே கூப்பிட்டான். "நிறுத்திட்டனுங்கக்கா. வந்து பாத்துட்டு மெயினை எறக்குங்க."

பார்க்க வேண்டியதில்லை பரணி என்று சொல்லியிருக்கலாம்.

போய்ப் பார்த்தேன்.